சூடு தாங்குற ஜாதி

தஞ்சாவூரில் கத்திரி வெயில் கொளுத்தும் நாட்களில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரே மனிதர் எங்கள் பேராசிரியர்தான். சாம்பல் நிறம், கையில்லாதது, ஏதோ ஒரு மாநாட்டுக்குப் போனபோது ஜெர்மனியில் வாங்கியது. துறைக்கு முதல்முதலாகக் கம்ப்யூட்டர் வந்தபோது, அது சூடாகிவிடக்கூடாது என்று ஒரு ஏ.சி.யும் வாங்கினார்கள். கம்ப்யூட்டர் பேராசிரியரின் அறைக்குப் போயிற்று. ஏ.சி.யும் கூடவே போயிற்று. கம்ப்யூட்டரை அவர் தொட்டதாக எனக்கு ஞாபகமில்லை, ஏ.சி.யை அணைத்ததாகவும் ஞாபகமில்லை. வெளியே தார்ச்சாலை செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும். நாங்கள் கையெழுத்துக்காக உள்ளே நுழைந்தால் அவர் ஸ்வெட்டரின் மேல் பொத்தானைப் போட்டபடி, "கதவச் சாத்தும்மா, குளுரு போயிடும்" என்பார். இந்த மனிதருடைய ஆராய்ச்சித் துறை, சூட்டைத் தாங்கும் பாக்டீரியாக்கள்.

நான் அவரிடம் முனைவர் பட்ட ஆய்வுக்குச் சேர்ந்தது தொண்ணூறுகளின் பிற்பகுதியில். எனக்கு ஊர் வேதாரண்யத்துக்குப் பக்கம். அப்பாவும் அம்மாவும் உப்பளத்தில் வேலை செய்தவர்கள், அதற்கு முன்பு அவர்களைப் பெற்றவர்கள் அடுத்தவர் வயலில் வேலை செய்தவர்கள். எங்கள் தெருவில் எம்.எஸ்ஸி. முடித்த முதல் பெண் நான். அப்போது யார் வீட்டுக்குப் போனாலும் ஒருவர் எங்கேயாவது கிளம்பிக்கொண்டிருப்பார். பெரிய வீட்டுப் பிள்ளைகள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு அமெரிக்காவுக்குப் போனார்கள். எங்கள் தெருப் பிள்ளைகள் கட்டட வேலைக்கு வளைகுடாவுக்குப் போனார்கள். என் தம்பியை அனுப்பிய ஏஜென்ட் அவனிடம் கேட்ட ஒரே கேள்வி, "தம்பி, வெயிலு தாங்குமா?" என்பதுதான். அவன் தாங்கும் என்றான். வேறென்ன சொல்வான்?

எங்கள் ஆராய்ச்சியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சர்க்கரையை எத்தனாலாக, அதாவது எரிசாராயமாக, மாற்றும் வேலையைப் பெரும்பாலும் ஈஸ்ட்தான் செய்கிறது. ஒருவகை பாக்டீரியாவும் அதைச் செய்யும், இன்னும் வேகமாகவே செய்யும். ஆனால் அதற்கு முப்பது டிகிரிதான் பிடிக்கும். அதற்கு மேலே ஏழெட்டு டிகிரி போனால் படுத்துவிடும். நொதிக்கிற தொட்டியோ தானாகவே சூடேறும். நம் ஊர் வெயிலில் அதைக் குளிரவைத்துக்கொண்டே இருப்பதற்குத் தண்ணீரும் கரண்டும் போதாது. பெட்ரோலில் எத்தனால் கலக்கலாம் என்ற பேச்சு அடிபடத் தொடங்கியிருந்த காலம் அது. நாற்பது டிகிரியிலும் சுணங்காமல் வேலை செய்கிற பாக்டீரியா ஒன்று கிடைத்து, அதற்கு அந்தச் சக்தி எந்த மரபணுவிலிருந்து வருகிறது என்றும் தெரிந்துவிட்டால், கண்டுபிடித்தவர் காட்டில் மழைதான். பேராசிரியருக்கு அந்த மழையில் நனைய ஆசை. அதில் தப்பில்லை. எனக்கும் ஆசைதான்.

அந்தப் பாக்டீரியா கள்ளில் இருக்கும் என்பது நூல்களிலேயே உள்ள சங்கதி. சிக்கல் என்னவென்றால், பேராசிரியரின் வாயில் கள் என்ற சொல் வராது. தடைசெய்யப்பட்ட பொருளை ஆய்வுக்கு வாங்க அனுமதி கேட்டு எழுதலாம். ஆனால் எழுதினால் கள் என்று எழுத வேண்டியிருக்கும். ஆகவே ஆய்வக உதவியாளரைக் கூப்பிட்டுப் பதநீர் வாங்கி வரச் சொன்னார். அவரும் நல்ல பதநீராகத் தேடிப் பிடித்து, வடிகட்டிப் புட்டியில் கொண்டுவந்து தந்தார். அதிலிருந்து ஒன்றுமே வளரவில்லை. மறுபடியும் வாங்கினோம், மறுபடியும் வளரவில்லை. "கைப்பழக்கம் சுத்தமில்ல. மொதல்ல கையக் கழுவக் கத்துக்கம்மா" என்று மற்ற மாணவர்களின் முன்னால் பேராசிரியர் சொன்னார். நான் தட்டுகளைத் திரும்பத் திரும்பக் கொதிநீராவியில் வைத்து, கைகளை ஸ்பிரிட்டில் கழுவிக் கழுவித் தோல் உரிந்ததுதான் மிச்சம். ஒருநாள் வடிகட்டாத புட்டி ஒன்று வந்தது. அடியில் வெள்ளையாக வண்டல் நின்றது. சுண்ணாம்பு. பானையில் சுண்ணாம்பு தடவி இறக்கினால் பதநீர், தடவாமல் இறக்கினால் கள். புளிக்க வைக்கிற கிருமி வளரக்கூடாது என்பதற்காகவே தடவுவது. அந்தக் கிருமியைத்தான் நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம்.

புட்டியை எடுத்துக்கொண்டு பேராசிரியரின் குளிர் அறைக்குள் போனேன். "சார், கள்ளுன்னு கேட்டாத்தான் சார் கள்ளு வரும்" என்றேன். அவர் கதவைப் பார்த்தார். "அந்த வார்த்தையெல்லாம் இங்க சொல்லாத" என்றார். பிறகு சற்று யோசித்துவிட்டு, "உங்க பக்கம் அதெல்லாம் சகஜமாச்சே. நீயே ஏற்பாடு பண்ணிடேன்" என்றார். என் அப்பா வெற்றிலைகூடப் போடாத மனிதர். சாராய வாடையோடு யார் வந்தாலும் வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்பிவிடுவார். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பேராசிரியர் அதற்குள் வேறு காகிதத்தை எடுத்துவிட்டார். கைப்பழக்கம் சரியில்லை என்று திட்டியதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பேராவூரணியில் ஒரு தென்னந்தோப்பில் சித்தப்பா காவல் வேலை பார்த்தார். அவரிடம் போய்க் கேட்டபோது என்னை மேலும் கீழும் பார்த்தார். "பொம்பளப் புள்ளைக்கு இது எதுக்கும்மா?" என்றார். படிப்புக்கு என்றேன். "இதுக்கும் ஒரு படிப்பா?" என்று தலையில் அடித்துக்கொண்டு, எங்கேயோ போய் வாங்கி வந்து தந்தார். ஈரத்துண்டில் சுற்றி, பையின் அடியில் வைத்துப் பேருந்தில் ஏறினேன். பட்டுக்கோட்டை தாண்டியதும் அது பொங்கி மூடியைத் தள்ளிவிட்டது. பையிலிருந்து சொட்டி, வண்டி முழுவதும் வாடை. நடத்துநர் இருக்கை இருக்கையாக மோந்து பார்த்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் நின்றார். என் கல்லூரி அடையாள அட்டையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், எதுவும் சொல்லாமல் பின்னால் போய்விட்டார். அவர் திட்டியிருந்தால் எனக்கு அவ்வளவு அவமானமாக இருந்திருக்காது. அந்தப் புட்டியின் அடியில் மிஞ்சிய கொஞ்சத்திலிருந்து எடுத்ததுதான் நாற்பது டிகிரியில் வளர்ந்த எங்கள் பாக்டீரியா. பேராசிரியர் அதற்குத் தன் பெயரின் முதல் எழுத்துகளைச் சூட்டினார்.

அது கிடைத்ததும் ஆலைக்காரர்கள் வரத் தொடங்கினார்கள். தொழிற்சாலைகள் புற்றீசல் போல் கிளம்பிக்கொண்டிருந்த நேரம், சர்க்கரை ஆலை வைத்திருந்தவர்களெல்லாம் எத்தனால் கனவில் இருந்தார்கள். அவர்களுக்குத் தமிழில் விளக்க வேண்டும். ஒரே இனத்துப் பாக்டீரியாவுக்குள் குணம் மாறுபட்ட ஒரு வகை என்பதை எப்படிச் சொல்வது என்று பேராசிரியர் யோசித்தார். ஜாதி மாடு, ஜாதி மல்லி என்று நாம் சொல்வதில்லையா, அந்த வழக்கில் ஒரு சொல் கிடைத்தது. குடுவையைத் தூக்கிக் காட்டி, "இது சூடு தாங்குற ஜாதி" என்றார். ஆலைக்காரர்களுக்கு உடனே புரிந்துவிட்டது. எல்லோரும் தலையை ஆட்டினார்கள். "பொறப்புலயே அதுக்குன்னு ஒரு ஜீன் இருக்கு. மத்ததுக்கு எவ்ளோ பழக்கினாலும் வராது" என்று மேலும் சொன்னார். அந்த ஜீனை நாங்கள் இன்னும் தேடக்கூட ஆரம்பித்திருக்கவில்லை.

எங்கள் ஆய்வகத்தில் நாற்பது டிகிரியில் வைத்திருக்கும் சிறிய அறை ஒன்று இருந்தது. ஹாட் ரூம் என்போம். ஜன்னல் கிடையாது, குலுக்கும் இயந்திரம் ஒன்று சதா இரைந்துகொண்டிருக்கும். என்னோடு சேர்ந்த இன்னொரு மாணவன், பேராசிரியரின் நண்பர் மகன், அமெரிக்கப் பரீட்சைகளுக்குப் படித்துக்கொண்டிருந்தான். நல்ல பையன், அவனைக் குறை சொல்ல மாட்டேன். முறைப்படி ஹாட் ரூம் வேலையை இருவரும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். பேராசிரியர் அவனைக் கம்ப்யூட்டரில் உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் சொன்னார்: "அவனுக்கு ஒத்துக்காதும்மா. நீ இருந்துக்க. உங்க ஜனங்களுக்கு வெயிலு ஒண்ணும் செய்யாது. அது உங்க ஜீன்லயே இருக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தார். தான் ஒரு பாராட்டைச் சொல்லிவிட்டதாக அவர் நினைத்தார் என்பதுதான் இன்றும் என் வயிற்றைப் பற்றியெரிய வைக்கிறது. உப்பளத்தில் அம்மா மயங்கி விழுந்து, நாலு பேர் தூக்கிக்கொண்டு வந்து வீட்டில் போட்டதை நான் பார்த்திருக்கிறேன். அம்மாவுக்கு வெயில் தாங்கியதே இல்லை. போவதற்கு வேறு வேலைதான் இல்லை.

ஒரு சித்திரை மாதம் நானும் ஹாட் ரூமில் மயங்கி விழுந்தேன். கண் விழித்தபோது வராந்தாவில் படுத்திருந்தேன், யாரோ முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்கள். பேராசிரியர் ஸ்வெட்டரோடு வந்து குனிந்து பார்த்தார். "என்னம்மா, நீயே இப்படி விழுந்தா எப்படி?" என்றார். அந்தக் குரலில் இருந்தது அக்கறை இல்லை. கணக்கு தப்பிப்போனவனுடைய ஆச்சரியம். சூடு, சூடு என்று வாழ்நாளெல்லாம் பேசிய மனிதருக்குச் சூடு சொரணை மட்டும் இல்லாமல் போய்விட்டது என்று விடுதிக்குப் போய்த் தோழியிடம் சொன்னேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். நான் அழுதேன்.

ஆனால் வேலையை விடவில்லை, ஏனென்றால் வேலை நன்றாக இருந்தது. நாங்கள் செய்தது இதுதான். எங்கு வேண்டுமானாலும் போய்ச் சொருகிக்கொள்ளும் ஒரு டி.என்.ஏ. துண்டை பாக்டீரியாவுக்குள் விட வேண்டும். ஒவ்வொன்றிலும் அது ஏதாவது ஒரு மரபணுவில் போய் விழுந்து அதை உடைத்துவிடும். பிறகு எல்லாவற்றையும் முப்பதிலும் நாற்பதிலும் வளர்த்துப் பார்க்க வேண்டும். முப்பதில் வளர்ந்து நாற்பதில் சாகிறவற்றில் எந்த மரபணு உடைந்திருக்கிறதோ, அதுதான் சூடு தாங்க உதவுகிற மரபணு. எல்லாம் ஒரே இடத்தில் உடைந்திருக்கும் என்று பேராசிரியர் எதிர்பார்த்தார். எனக்கு வந்தவை ஒவ்வொன்றும் ஒவ்வோர் இடத்தில் உடைந்திருந்தன. ஒன்று செல்லின் சுவரைக் கட்டுவது. ஒன்று சவ்வு ஒழுகாமல் பார்த்துக்கொள்வது. ஒன்று சூட்டில் உருக்குலைந்த புரதத்தைத் திருத்துவது, இன்னொன்று திருத்த முடியாததை அப்புறப்படுத்துவது. எல்லாமே வீட்டுப் பராமரிப்பு வேலைகள். அதைவிட முக்கியமானது, நாற்பதில் படுத்துவிடுகிற சாதாரணப் பாக்டீரியாவிலும் இந்த மரபணுக்கள் பெரும்பாலும் இருந்தன. பேராசிரியர் ஆசையாகப் பிடித்து வைத்திருந்த ஒரு மரபணுவை எடுத்துச் சாதாரணப் பாக்டீரியாவுக்குள் வைத்தும் பார்த்தேன். அது முன்பு போலவே நாற்பதில் செத்தது.

ஆக, பிறப்பிலேயே வந்த தனி வரம் என்று ஒன்று இல்லை. சூட்டில் எங்கள் பாக்டீரியா சுகமாகவும் இல்லை. அது மெதுவாக வளர்ந்தது, சாராயமும் குறைவாகத்தான் தந்தது. உடைவதைக் கட்டிக்கொண்டும் ஒழுகுவதை அடைத்துக்கொண்டும் இருந்ததில் அதன் சக்தியெல்லாம் போய்விட்டது. அதைக் கண்டுபிடித்த நாளில் எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. ஆராய்ச்சி சரியாக வந்த சந்தோஷம் மட்டுமில்லை அது. இந்த மனுஷனுக்கு ஒரு பாக்டீரியா பதில் சொல்லிவிட்டது என்கிற சந்தோஷமும்தான்.

பேராசிரியருக்கு அப்போது அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் வேலை கிடைக்கும் தறுவாயில் இருந்தது. அங்கே போய்ப் பேசுவதற்கு அவர் தயாரித்திருந்த உரையின் தலைப்பே, சூட்டைத் தாங்கும் மரபணு. ஒருமை. என் முடிவுகளை மேசையில் வைத்தேன். புரட்டிப் பார்த்துவிட்டு, தனக்கு வேண்டிய ஒரு தாளை மட்டும் உருவி எடுத்துக்கொண்டார்.

"இது நல்லா இருக்கு. இத மட்டும் வச்சுக்க. மத்ததெல்லாம் குப்பை, கழிச்சிடு."

"சார், மத்ததும் இதே மாதிரிதான் சார் வந்துச்சு. இத எடுத்து சாதாரணத்துல வச்சா ஒண்ணும் ஆகல சார்."

"உன் கைப்பழக்கம் தெரிஞ்சதுதானே. அதையெல்லாம் தீசிஸ்ல எழுதினா ரெண்டு பேருக்கும் கேவலம்."

"பதநீர் வந்தப்பவும் என் கைதான்னு சொன்னீங்க சார்."

அவர் முகம் மாறியது. ஏ.சி. இரைந்துகொண்டிருந்தது. "ஒனக்கு டாக்டர் பட்டம் வேணுமா, வேணாமா?" என்று கேட்டார். ஆய்வேட்டில் அவர் கையெழுத்துப் போட்டால்தான் அது பல்கலைக்கழகத்துக்குப் போகும். ஊரில் அப்பா, மகள் டாக்டராகப் போகிறாள் என்று சொல்லிச் சொல்லி, கடைத்தெருவில் ஆளாளுக்குக் காய்ச்சல் மாத்திரை கேட்கும் நிலைக்கு வந்திருந்தார். எனக்குப் பட்டம் வேண்டும். அதை வெட்கமில்லாமல் சொல்கிறேன், உயிரைக் கொடுத்தாவது வேண்டும் என்றிருந்தது. "வேணும் சார். எல்லாத்தையும் எழுதித்தான் வேணும்" என்றேன். அவர் கதவைக் காட்டினார்.

நான் எல்லாவற்றையும் எழுதினேன். ஆய்வேடு அவர் மேசையில் இருந்தது, இருந்துகொண்டே இருந்தது. கேட்கும்போதெல்லாம் படித்துக்கொண்டிருக்கிறேன் என்பார். ஒருநாள் துறைக்குப் போனபோது அறை பூட்டியிருந்தது. முந்தைய நாளே சென்னைக்குக் கிளம்பிவிட்டார், அங்கிருந்து விமானம் என்றார்கள். ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் பென்சில் கோடுகூட விழுந்திருக்கவில்லை. உறைபெட்டியைத் திறந்தால் எங்கள் பாக்டீரியா வைத்திருந்த தட்டு காலி. அனைத்தையும் எடுத்துக்கொண்டு போயிருந்தார். அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும், பாக்டீரியா இல்லாவிட்டால் நான் சொல்வதை யாராலும் சரிபார்க்க முடியாது என்று. அப்படி நினைத்திருக்க மாட்டார் என்று பெருந்தன்மையாகச் சொல்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் யாரும் அந்தக் காலித் தட்டைப் பார்க்கவில்லை.

அவர் இடத்தில் புதிதாகப் பொறுப்பேற்ற அம்மையார் நல்லவர், ஆனால் பயந்தவர். பாக்டீரியாவே இல்லாமல் எதை நம்பிக் கையெழுத்துப் போடுவது என்று கையைப் பிசைந்தார். திரும்பவும் பேராவூரணிக்குப் போனேன். "இன்னும் அந்தப் படிப்பு முடியலையா?" என்றார் சித்தப்பா. இந்த முறை மூடியில் துளை போட்டு எடுத்து வந்தேன். அதிலிருந்தும் நாற்பதில் வளர்கிற பாக்டீரியா கிடைத்தது. கோடைக் கள் எதிலும் தேடினால் கிடைக்கும் போலிருக்கிறது. அவர் தன் பெயரைச் சூட்டிக் கொண்டுபோனது ஒன்றும் உலகத்தில் இல்லாத அதிசயம் இல்லை. மரபணுக்களை உடைப்பதிலிருந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தேன். பழைய முடிவுகள்தான் மறுபடியும் வந்தன. பட்டம் கிடைத்தபோது என்னோடு படித்தவர்களின் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். அப்பா அதற்குள் இறந்துவிட்டார். கடைத்தெருவில் அவரை, டாக்டர் மகள் எங்கே என்று கடைசிவரை கேலி செய்தார்கள் என்று அம்மா ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள்.

இப்போது எனக்கென்று ஓர் ஆய்வகம் இருக்கிறது. எங்கள் ஹாட் ரூமில் ஒருவர் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்று கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன், அது எல்லோருக்கும் ஒன்றுதான். பேராசிரியர் ஓய்வு பெற்று அமெரிக்காவிலேயே தங்கிவிட்டார். இந்த வருஷம் அவருக்குத் தஞ்சாவூரில் பாராட்டு விழா என்றும், அதற்கு ஒரு மலர் வருகிறது என்றும், மூத்த மாணவி என்ற முறையில் நான் எழுதித் தர வேண்டும் என்றும் கேட்டார்கள். முடியாது என்றுதான் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவரே தொலைபேசியில் கூப்பிட்டுவிட்டார். குரல் தளர்ந்திருந்தது. உடம்பெல்லாம் விசாரித்தார்.

"ஒண்ணு சொல்றேன்மா. ஒன்ன நான் கொஞ்சம் கசக்கித்தான் பிழிஞ்சேன். வேற யாராவது இருந்தா ஓடியிருப்பாங்க. நீ தாங்கின. அது ஒனக்குள்ளயே இருந்துச்சு."

"நான் தாங்கினேன்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்? நீங்கதான் அங்க இல்லையே."

"அதெல்லாம் பழைய கதை. நல்லதா நாலு வரி எழுது" என்றார். எழுதுகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எனக்கு அவர்மேல் இருக்கும் கோபம் ஆறவில்லை. ஆற வைக்க நான் எதுவும் செய்யப்போவதும் இல்லை. நீங்கள் இதுவரை படித்ததைத்தான் மலர்க் குழுவுக்கு அனுப்பினேன். அருமையாக இருக்கிறது, ஆனால் நீளம், ஸ்வெட்டர் வருகிற தொடக்கத்தை மட்டும் வேடிக்கையாக வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடலாமா என்று கேட்டிருக்கிறார்கள். ஒரு வரியைக்கூட எடுக்கக்கூடாது என்று பதில் போட்டேன். வேண்டியதை உருவிக்கொண்டு மற்றதைக் குப்பை என்று கழித்துப் போடும் வேலையை, பட்டத்தை முன்னால் நீட்டிக் கேட்டபோதே நான் அவருக்குச் செய்து தரவில்லை. அவருடைய மலருக்கா செய்து தரப்போகிறேன்?